கயிற்றைப் பிள்ளைகளே திரிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுமுறையில் மாலை நேரத்தை அவர்களோடு செலவிடலாம் என்று நாங்கள் சில பெற்றோர் முடிவு செய்திருக்கிறோம். கையில் நைலான் கயிறு, நூல் கயிறு, கொஞ்சம் தென்னைநார்க் கயிறு இருக்கின்றன. ஸ்கிப்பிங் தவிர வேறு என்ன விளையாடலாம், என்ன செய்யலாம்? கயிறு என்றாலே சிலர் பயப்படவும் செய்கிறார்கள்.

ம., பொள்ளாச்சி

அன்புள்ள ம.,

தென்னைநாருக்குப் பேர்போன ஊரிலிருந்து இதைக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் முதல் வேலையாக, பிள்ளைகளைக் கயிறு திரிக்க வையுங்கள் என்பேன். விளையாட்டு அப்புறம்.

பழைய பருத்திச் சேலையைப் பத்தடி நீளமும் இரண்டு விரல் அகலமும் உள்ள பட்டைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இருவரும் தத்தம் வலப்பக்கமாகவே முறுக்க வேண்டும். ஒருவர் மாற்றி முறுக்கினால் முறுக்கு ஏறாது. கொஞ்சம் தளர்த்தினாலே சுருண்டுகொள்ளும் அளவுக்கு ஏறியதும், மூன்றாவது பிள்ளை நடுவில் பிடித்துக்கொள்ள, இரண்டு முனைகளையும் ஒன்றுசேர்க்க வேண்டும். இப்போது நடுவை விட்டால் இரண்டு புரிகளும் தாமாகவே எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். முனையில் ஒரு முடிச்சு போட்டால் போதும், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாகக் கயிறு தயார்.

எந்தப் பிள்ளையும் இதை இன்னொரு முறை செய்யச் சொல்லும். ஏன் பிரியவில்லை என்றும் கேட்கும். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமாகப் பிரியப் பார்க்கிறது, சேர்ந்த கயிறோ மறுபக்கமாகப் பிரியப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதால்தான் கயிறு நிற்கிறது. தென்னைநார்க் கயிறும் இப்படித்தான். பக்கத்தில் கயிறு திரிக்கும் இடம் ஏதாவது இருந்தால் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தாங்களே திரித்துப் பார்த்த பிறகு போனால் அங்கே பார்ப்பது அத்தனையும் புரியும்.

சரி, விளையாட்டு. சின்னவர்களுக்குக் கயிற்றின் இரு முனைகளையும் கட்டி ரயில் விடலாம். தரையில் கயிற்றைப் பாம்புபோல் நெளியவிட்டுத் தாண்டச் சொல்லலாம். பெரியவர்களுக்கு எனக்குப் பிடித்த ஒன்று: நீளக் கயிற்றை வளையமாகக் கட்டி, எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு அதைப் பிடித்தபடி, பேசிப் பேசியே ஒரு சதுரம் அமைக்க வேண்டும். யார் பேச்சை யார் கேட்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். இன்னொன்று, சம இடைவெளியில் பதின்மூன்று முடிச்சுகள் போட்ட கயிறு. முதல் முடிச்சையும் கடைசி முடிச்சையும் ஒன்றாகப் பிடித்து, மூன்று, நான்கு, ஐந்து இடைவெளிகள் உள்ள பக்கங்களாக இழுத்தால் சரியான செங்கோணம் வரும். கொத்தனார்கள் மனையில் மூலைமட்டம் பார்ப்பதும் இதே கணக்கில்தான். அதை வைத்துத் தரையில் ஆடுகளம் வரையச் சொல்லுங்கள்.

கயிறு இழுக்கும் போட்டி இல்லாமல் முடியாது. 1900 முதல் 1920 வரை அது ஒலிம்பிக் விளையாட்டாகவே இருந்தது. முறையான போட்டியில் பக்கத்துக்கு எட்டுப் பேர், நான்கு மீட்டர் இழுத்தவர்கள் வென்றவர்கள். ஆனால் உங்கள் நைலான் கயிறு இதற்கு வேண்டவே வேண்டாம். அது இழுபட்டு நீளும், அறுந்தால் வேகமாகத் திருப்பி அடிக்கும். 1997இல் தைபேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இழுத்த கயிறு அறுந்து இரண்டு பேர் கை துண்டானது. பருமனான நார்க்கயிறு வாங்குங்கள். கையிலோ இடுப்பிலோ யாரும் சுற்றிக்கொள்ளக் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

பெற்றோர்களின் பயம் நியாயமானதுதான். கழுத்தில் கயிறு போடும் எந்த விளையாட்டும் கூடாது, சுருக்கு முடிச்சு கூடாது, பெரியவர் ஒருவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும், முடிந்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிட வேண்டும். இந்த நாலும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. முடிச்சுப் போடவும் சொல்லிக்கொடுங்கள். முதலில் வலது முனையை இடதின் மேல் போட்டுக் கட்டி, அடுத்து இடது முனையை வலதின் மேல் போட்டுக் கட்டினால் தட்டையாக உட்காரும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகக் கட்டினால் நழுவிவிடும். பொட்டலம் கட்டவும் பட்டை இணைக்கவும் இது போதும்; ஆள் தொங்கும் ஊஞ்சலை இந்த முடிச்சை நம்பிக் கட்டாதீர்கள்.

நூல் கயிற்றை உறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எறும்புக்கும் பூனைக்கும் எட்டாமல் தயிர்ப் பானையைத் தொங்கவிட்ட அதே உறிதான், இப்போது செடித் தொட்டிக்கு. நான்கு கயிறுகளை நடுவில் மடித்து ஒரு வளையத்தில் மாட்டினால் எட்டு இழைகள் தொங்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே உயரத்தில் முடியுங்கள். ஒரு சாண் கீழே, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஓர் இழையைப் பக்கத்து ஜோடியின் ஓர் இழையோடு சேர்த்து முடியுங்கள். அடியில் எட்டையும் ஒன்றாகக் கட்டினால் முடிந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மாலை போதும். தொட்டியை வைப்பதற்கு முன் ஒரு செங்கல்லை வைத்துத் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.