ஜிம்முல சேந்தா ரெண்டு வாரத்துல நின்னுடுறேன், நீங்கள்லாம் எப்படி விடாம பண்றீங்க?

தம்பி, மொதல்லயே சொல்லிடுறேன், நான் ட்ரெய்னரும் கெடையாது பாடி பில்டரும் கெடையாது. சென்னை பாரிமுனைல ஒரு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல நாள் பூரா ஒக்காந்து கம்ப்யூட்டர் தட்டுற ஆளு, வயசு 43, வீடு பழைய வண்ணாரப்பேட்டைல ரெண்டாவது மாடி, லிஃப்ட்டு கெடையாது. "வருஷக் காசு மொத்தமா கட்டிட்டு ரெண்டே வாரத்துல நின்னுடுறேன், எக்சர்சைஸ் பத்தி நீங்க தப்பா நம்புனது எது, அப்புறம் எப்படி தொடர்ந்தீங்க"ன்னு கேட்டிருக்கீங்க. மூணு தடவ ஆரம்பிச்சு மூணு தடவ நின்னவன் நான், அந்த ஒரு தகுதில தான் எழுதுறேன்.

மொத தடவ நின்னது வேர்வையால. 2022 மே மாசம், கத்திரி வெயில், எங்க தெரு பக்கத்துல ஒரு ஜிம்மு. வயித்துல ஸ்வெட் பெல்ட் கட்டிக்கிட்டு ஓடுனா தொப்ப உருகி ஊத்திடும்னு அங்க ஒருத்தர் சொன்னாரு, நானும் ரப்பர் பெல்ட் ஒண்ணு வாங்கி இறுக்கிக் கட்டி ட்ரெட்மில்லுல ஏறிட்டேன். எறங்கி எட மிஷின்ல நின்னா 88 கிலோ 86.8 காட்டுது, எனக்கு தலகால் புரியல, பொண்டாட்டிக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்புனேன். வர்ற வழில தள்ளுவண்டில மூணு டம்ளர் மோரு, வீட்டுக்கு வந்து சாப்பாடு தண்ணி, சாயங்காலம் நின்னு பாத்தா திரும்ப 88. நாலாவது நாள் ட்ரெட்மில் மேலயே கண்ண இருட்டிக்கிச்சு, புடிச்சு ஒக்கார வச்சாங்க, அதோட பெல்ட்டும் போச்சு ஜிம்மும் போச்சு. வேர்வன்றது உடம்பு சூட்ட எறக்குறதுக்கு வர்ற தண்ணி, அதுல கொழுப்பு இல்ல. கொழுப்பு எரிஞ்சா அதுல பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடா மூச்சு வழியா தான் வெளில போகுது. அப்புறம் வயித்துல மட்டும் கொறைக்கறதுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது, எங்கேந்து மொதல்ல எடுக்கணும்னு உடம்பு தான் முடிவு பண்ணும், எனக்கு மொதல்ல மூஞ்சி தான் ஒட்டுச்சு, ஆபீஸ்ல எல்லாரும் சுகரான்னு கேட்டாங்க.

ரெண்டாவது தடவ வலி. வலிச்சா தான் வேல செய்யுதுன்னு நெனச்சு மொத நாளே 100 பஸ்கி எடுத்தேன். மறுநாள் ஒண்ணும் தெரியல, அதுக்கு மறுநாள் பீச் ஸ்டேஷன் படிக்கட்டுல கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல எறங்குறேன், பின்னாடி வந்த ஆயா ஒண்ணு "இன்னா நைனா, வயசாயிடுச்சா"ன்னு கேட்டுட்டு என்ன தாண்டிப் போவுது. தசைல லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு, இன்னும் நல்லா பண்ணா கரஞ்சிடும்னாங்க. அது சுத்தப் பொய், அந்த லாக்டிக் ஆசிட் ஒரு மணி நேரத்துக்குள்ள எறங்கிடும், ரெண்டு நாள் கழிச்சு வர்ற வலி பழக்கமில்லாத தசைல ஏற்படுற சின்னச் சின்னச் சேதத்தால வர்றது. வலி இருந்தா தான் பலன்னு எந்த கணக்கும் இல்ல, பழகப் பழக வலி கொறஞ்சுடும், பலம் பாட்டுக்கு ஏறும். எனக்கு அப்ப அது தெரியல, கால் சரியாக ஒரு வாரம் ஆச்சு, அந்த ஒரு வாரம் ரெண்டு மாசமாயிடுச்சு.

மூணாவது இந்த 10,000 ஸ்டெப்ஸ். ராத்திரி பதினொன்ற மணிக்கு மொட்ட மாடில 2,300 பாக்கி இருக்குன்னு தண்ணி டேங்க்க சுத்திச் சுத்தி நடப்பேன், கீழ் வீட்டுக்காரர் மேல வந்து ஏதாவது பிரச்சனையான்னு கேட்டாரு. அந்த நம்பரு ஆராய்ச்சி பண்ணி கண்டுபுடிச்சதே இல்லயாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச அடுத்த வருஷம் ஜப்பான்ல நடைய எண்ணுற கருவி ஒண்ணு விக்க வந்துச்சு, பேரு மன்போ-கே, அப்படின்னா பத்தாயிரம் ஸ்டெப்ஸ் மீட்டர்னு அர்த்தம், அவ்ளோ தான். வியாபாரத்துக்கு வச்ச பேரு, நான் அதுக்காக தூக்கத்த கெடுத்துக்கிட்டு 9,100ல நின்ன நாளெல்லாம் தோத்துட்டேன்னு படுத்துருக்கேன். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு 150லேந்து 300 நிமிஷம் கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி வேல, கூட ரெண்டு நாள் தசைக்கு பயிற்சி. வாரத்துக்கு 150னா அஞ்சு நாள் அர மணி நேரம். ஸ்டேஷனுக்கு வேகமா நடந்து போயிட்டு வந்தாலே எனக்கு பாதி அதுல முடிஞ்சுடுது.

இப்ப யோசிச்சா மூணு தடவயும் ஒரே கத தான். வேர்வ, வலி, செல்ஃபோன்ல ஓடுற நம்பரு, எல்லாமே அன்னன்னைக்கு மாறுற சமாச்சாரம், அத வச்சு கணக்கு பாத்தா ஏதாவது ஒரு நாள் தோத்துருவோம், தோத்த மறுநாள் போக மனசே வராது.

நாலாவது தடவ ஆரம்பிச்சது எட மிஷின்ல இல்ல, வாட்டர் கேன்ல. எங்க ஏரியா தண்ணி கத ஊருக்கே தெரியும், குடிக்கறதுக்கு 20 லிட்டர் கேன் தான். கேன் போடுற அண்ணன் ஒல்லியா இருப்பாரு, தோள்ல ஒண்ணு கைல ஒண்ணுன்னு ரெண்ட தூக்கிட்டு ஏறிடுவாரு, மாடிக்கு மட்டும் கேனுக்கு அஞ்சு ரூவா எக்ஸ்ட்ரா. ஒரு நாள் அவர் வரல, நானே கடைல எடுத்துட்டு வந்தேன், மொத மாடி திருப்பத்துல எறக்கி வச்சுட்டு நாய் மாதிரி மூச்சு வாங்குறேன், எட்டாவது படிக்கிற எம்பொண்ணு மேலேந்து எட்டிப் பாத்து "நான் வரட்டாப்பா"ங்கறா. அன்னைக்கு முடிவு பண்ணேன், கிலோவும் வேணாம் சிக்ஸ் பேக்கும் வேணாம், கேன எங்கயும் எறக்காம ரெண்டாவது மாடி ஏறணும்.

எங்க ஏரியாவுல பசங்களுக்கு பாக்ஸிங் கத்துத் தர்ற பெரியவர் ஒருத்தர் இருக்காரு, அந்தக் காலத்து குத்துச்சண்ட பரம்பர ஆளு. அவர்ட்ட போய் கேட்டா என் தொப்பய ஒரு பார்வ பாத்துட்டு "மொதல்ல பிபி சுகர் பாத்துட்டு வா"ன்னு அனுப்பிட்டாரு. பாத்துட்டு வந்தப்புறம் கொடுத்தது இவ்ளோ தான்: நாற்காலில ஒக்காந்து எழுந்திரிக்கறது, செவுத்துல கை வச்சு தண்டால், மண்ணு போட்ட பைய தூக்கிட்டு நடக்கறது, மூணு நிமிஷம் வேல ஒரு நிமிஷம் ரெஸ்ட், குத்துச்சண்ட ரவுண்டு மாதிரி. மொத்தம் 20 நிமிஷம். நான் இன்னும் ஒரு ரவுண்டு போடவான்னு கேட்டா "போதும் போ, பசி இருக்கசொல்லயே எலய விட்டு எந்திரி"ன்னுவாரு. அது தான் என்ன மறுநாள் வர வச்சுச்சு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சே, தெருவெல்லாம் தண்ணி, அப்புறம் வீட்ட கழுவுறது சாமான் காய வைக்கறதுன்னு பதினோரு நாள் ஒண்ணும் பண்ணல. பழைய ஆளா இருந்தா அதோட மூட்ட கட்டியிருப்பேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வச்சு பழக்கம் எப்படி ஒட்டுதுன்னு பாத்துருக்காங்க, 2009ல வந்த ஆராய்ச்சி. 21 நாள்ல பழக்கம் வந்துடும்ங்கறாங்களே அதெல்லாம் இல்ல, சராசரி 66 நாளு, சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் கூட கணக்கு வருது. நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலன்னும் அதுலயே இருக்கு. அது ஒரு நாளுக்கு சொன்னது, நான் பதினோரு நாளுக்கு இழுத்துக்கிட்டேன், இருந்தாலும் பன்னெண்டாவது நாள் போயிட்டேன்.

சாப்பாடு பத்தி நெறய பேசலாம், ஒண்ணே ஒண்ணு. 80 கிலோ ஆளு அர மணி நேரம் வேகமா நடந்தா ஏறக்குறைய 150 கலோரி, நடந்து முடிச்சு டீக்கடைல ரெண்டு வட ஒரு டீ அடிச்சா அது அங்கயே காலி. நான் ஞாயித்துக்கெழம பிரியாணிய விடல, தெனம் சாயங்கால வடைய தான் சுண்டலா மாத்துனேன்.

என் பொண்டாட்டிய கூப்புட்டேன், வெயிட்டு தூக்குனா ஒடம்பு ஆம்பள மாதிரி ஆயிடும்னா. நீ தெனம் லாரி தண்ணி ரெண்டு கொடம் தூக்குறியே, கொடத்துக்கு பதினஞ்சு கிலோ கிட்ட வரும், ஆயிட்டியா என்னன்னு கேட்டேன். அன்னைக்கு எனக்கு சாப்பாடு கொஞ்சம் லேட்டா தான் வந்துச்சு, ஆனா அடுத்த வாரத்துலேந்து அவளும் மண்ணு பைய தூக்குறா.

எட இப்ப 81, எறங்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, நடுவுல ரெண்டு மாசம் அசையவே இல்ல. கேன் மட்டும் நாலாவது மாசமே எறக்காம ஏறிட்டேன். அன்னைக்கு கேன்கார அண்ணன் கீழயே நின்னு பாத்துட்டு "பொழப்புல மண்ணு போடாத சார்"னாரு. இப்பவும் கேன நான் தான் தூக்குறேன், மாடிக்கான அஞ்சு ரூவாயும் அவருக்கு போயிடுது.