ஜூலு கிராமத்துக் குழந்தைகளிடம் ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் குவாஜூலு-நட்டால் மாகாணத்தில் ஜூலு மக்கள் வாழும் மலைக் கிராமங்களுக்குச் சிறு குழுவாகப் போய், குழந்தைகளுக்கு விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்த வேண்டும், பள்ளிகளில் உதவ வேண்டும் என்று விரும்புகிற சபையார் இருக்கிறார்கள். நான் அந்த மாகாணத்தின் டர்பன் நகருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். இப்படி வருகிற குழுக்களை உள்ளூர் சபைகளோடு சேர்த்துவைப்பது என் ஊழியம். வரப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாலிபர் சங்கச் செயலாளர்: அக்கா, ஸ்தோத்திரம். இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாத குழந்தைகளிடம் போகிறோம் என்று சபையில் அறிவித்துக் காணிக்கை எடுக்கிறோம். சரிதானே?

தம்பி, அந்த அறிவிப்பை இந்த ஞாயிறே மாற்றிவிடுங்கள். ஜூலு மக்களிடம் மிஷனரிகள் வந்தது 1830களில். முழு வேதாகமமும் ஜூலு மொழியில் 1883-லேயே அச்சாகிவிட்டது. டர்பனுக்கு வடக்கே இனாண்டாவில் பெண்பிள்ளைகளுக்கென்று 1869-ல் தொடங்கிய இனாண்டா செமினரி இன்றும் நடக்கிறது. அதே இனாண்டாவில்தான் ஜான் டூபே என்ற ஜூலு போதகரும் அவர் மனைவி நொகுட்டேலாவும் ஓலாங்கே பள்ளியைத் தொடங்கினார்கள். டூபே 1912-ல், பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆன அமைப்பின் முதல் தலைவரானார். 1994-ல் மண்டேலா தன் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட்டது அந்தப் பள்ளியில். பக்கத்திலேயே டூபேயின் கல்லறை இருக்கிறது. கிராமத்துக்குப் போகும் முன் ஒரு காலை நேரத்தை அங்கே செலவிடுங்கள், உங்கள் பார்வையே மாறும்.

கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கியில் சீயோன் சபையார் மலையேறிப் போவதைப் பார்ப்பீர்கள். 1910-ல் ஏசாயா ஷெம்பே தொடங்கிய நசரேத் பாப்டிஸ்ட் சபையார் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிறார்கள். வியாழக்கிழமை மதியம் சிவப்பு மேல்சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்ட மெதடிஸ்ட் தாய்மார் ஜெபக்கூட்டத்துக்குப் போவார்கள். வெள்ளைக்கார வீடுகளில் வேலை செய்த பெண்களுக்கு வியாழன்தான் விடுப்பு நாள், அதனால் வந்த வழக்கம் அது. நீங்கள் போகும் ஊரில் ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர் ஏற்கெனவே இருப்பார். மழையானாலும் வெயிலானாலும் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடவைக்கிறவர் அவர்தான். அவருக்குத் துணையாகப் போகிறோம் என்று அறிவியுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எங்களுக்கு மே மாதம்தான் விடுமுறை அக்கா. அப்போது வரலாமா?

வரலாம், ஆனால் அங்கே அப்போது பள்ளி நடக்கும். அவர்களின் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஏப்ரலை ஒட்டிச் சில நாட்கள் விடுமுறை, அப்புறம் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை குளிர்கால விடுமுறை. முழுநாள் விபிஎஸ் வைக்க அதுதான் ஏற்ற காலம். மழையும் இருக்காது, மண் சாலைகளில் வண்டி மாட்டிக்கொள்ளாது. இரவில் மலைப்பகுதி நன்றாகக் குளிரும், கம்பளி அவசியம்.

மே மாதமே வர முடியும் என்றால், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பிறகு மாலை இரண்டு மணி நேரம் என்று திட்டமிடுங்கள். உங்கள் வசதிக்காகப் பள்ளி நேரத்தைக் கேட்காதீர்கள். தலைமையாசிரியர் மரியாதைக்காகச் சரி என்பார், பாடம் போய்விடும்.

நாசரேத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர்: அம்மா, நான் முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். அங்கே ஆங்கில வகுப்பு எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஐயா, உங்களைப் போன்றவர்கள் வருவது பெரிய பலம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அங்கே மூன்றாம் வகுப்புவரை பாடமொழி ஜூலு. நான்காம் வகுப்பில் திடீரென்று மற்றப் பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறிவந்தன; 2025 முதல்தான் தாய்மொழியையும் சேர்த்து நடத்தும் முறை படிப்படியாக வருகிறது. அந்த இடத்தில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். 2021-ல் நடந்த சர்வதேச வாசிப்பு ஆய்வில் தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால், எந்த மொழியிலும், படித்ததைப் பொருள் புரிந்து சொல்ல முடியவில்லை. தாய்மொழியிலேயே வாசிப்பு ஊன்றவில்லை என்றால் ஆங்கிலம் எதன்மேல் நிற்கும்?

அதனால் நான் கேட்பது இது. ஜூலு கதைப் புத்தகங்களைக் கொண்டு வாசிப்பு மணி நடத்துகிற உள்ளூர் இளைஞர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். நலிபாலி என்ற வாசிப்பு இயக்கம் ஜூலு உட்பட பல மொழிகளில் கதைகளை இலவசமாகத் தருகிறது, அச்செடுத்துக் கொண்டுபோகலாம். ஒரு ஜூலு அக்கா கதையை வாசிக்க, நீங்கள் படங்களைக் காட்டி, பிள்ளைகளிடம் ஒவ்வொரு பொருளின் பெயரையும் ஜூலுவில் கேளுங்கள். இந்தத் தாத்தாவுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற சந்தோஷத்தில் கூச்சப்படுகிற பிள்ளையும் வாய் திறக்கும். உங்கள் அனுபவத்தை ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ள ஒரு மாலையை ஒதுக்குங்கள். நீங்கள் திரும்பிய பிறகும் அங்கே நிற்பது அதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பத்தலைவி: எய்ட்ஸினால் பெற்றோரை இழந்த குழந்தைகள் அங்கே நிறைய என்று கேள்விப்பட்டோம். ஒரு அனாதை இல்லத்தில் ஒரு வாரம் தங்கி அந்தப் பிள்ளைகளைக் கொஞ்சி, அன்பு காட்ட ஆசை. ஏற்பாடு செய்ய முடியுமா சிஸ்டர்?

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது சிஸ்டர். ஆனால் இதை நான் ஏற்பாடு செய்வதில்லை, ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் எச்ஐவி மிக அதிகமாகப் பரவிய மாகாணம் இது. கர்ப்பிணிகளிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்தை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கொடுக்க வேண்டும் என்று 2002-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. எல்லோருக்குமான அரசுச் சிகிச்சை 2004-ல்தான் தொடங்கியது. அதற்குள் ஒரு தலைமுறைத் தாய் தகப்பன்மார் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரை வளர்த்தது இல்லங்கள் இல்லை, பாட்டிமார். அங்கே கோகோ என்று கூப்பிடுவார்கள். தன் முதியோர் உதவித்தொகையில் ஐந்தாறு பேரப்பிள்ளைகளை வளர்த்த கோகோக்கள் ஒவ்வொரு மலைச்சரிவிலும் இருக்கிறார்கள். இப்போது மருந்து தடையின்றிக் கிடைக்கிறது, பிறக்கும்போதே தொற்றும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். அன்பு காட்ட வேண்டுமென்றால் அந்தக் கோகோவின் வீட்டு வேலியைச் சரிசெய்ய, தண்ணீர் சுமக்க, அவரோடு உட்கார்ந்து பேசப் போங்கள். சபைப் போதகரோடுதான் போக வேண்டும்.

இல்லத்தில் வாழ்கிற குழந்தை ஏற்கெனவே ஒருவரை இழந்த குழந்தை. ஒரு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு நீங்கள் விமானம் ஏறினால், அதற்கு அது இன்னொரு இழப்பு. அடுத்த மாதம் அடுத்த குழு வரும், அதுவும் போகும். யார் வந்தாலும் ஓடிவந்து கட்டிக்கொள்கிற குழந்தையைப் பார்த்து நாம் நெகிழ்ந்து போகிறோம். அந்த ஓட்டம் நலமான பிள்ளையின் அடையாளம் இல்லை, அது காயம்.

சட்டமும் இருக்கிறது. 2005-ன் 38-ஆம் சட்டமான சிறார் சட்டப்படி, குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பெயர்கள் ஒரு தேசியப் பதிவேட்டில் இருக்கும். அதில் உங்கள் பெயர் இல்லை என்று சரிபார்த்த பிறகே ஒரு நிறுவனம் உங்களைப் பிள்ளைகளோடு பழகவிட வேண்டும். உங்கள் ஊர் காவல்துறைச் சான்றிதழையும் கையோடு கொண்டுவாருங்கள். எதையும் பார்க்காமல் உள்ளே விடுகிற இடம் என்றால், வேறு யாரையெல்லாம் அப்படி விட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். இன்னொன்று, எந்தக் குழந்தைக்குத் தொற்று இருக்கிறது என்று யாரிடமும் கேட்கக் கூடாது. அந்த ரகசியத்தையும் அதே சட்டம் காக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை: சாக்லேட், பென்சில், பழைய துணி எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறோம் அக்கா. எப்படிக் கொண்டுவருவது?

பழைய துணியைக் கொண்டுவராதீர்கள் தங்கச்சி. பெட்டி எடைக்குக் கட்டும் பணத்தில் அங்கேயே புதிதாக வாங்கலாம், கடைக்காரருக்கும் பிழைப்பு. அங்கே உண்மையில் தேவைப்படுவது கறுப்புப் பள்ளி ஷூ, குளிருக்குப் பள்ளி ஸ்வெட்டர், பெரிய பெண்பிள்ளைகளுக்கு நாப்கின். ஏழைப் பகுதிப் பள்ளிகளில் கட்டணம் இல்லை, மதிய உணவும் அரசே தருகிறது. ஆனால் சீருடை பெற்றோர் பொறுப்பு. 2025-ல் ஒரு குழந்தைக்கான மாத உதவித்தொகை 560 ராண்ட். அதில் மாவு, எண்ணெய், சோப்பு போக ஷூவுக்கு என்ன மிஞ்சும்?

யாருக்கு என்ன வேண்டும் என்ற பட்டியலைத் தலைமையாசிரியரும் போதகரும் போடட்டும், கொடுப்பதும் அவர்கள் கையாலேயே நடக்கட்டும். வேனிலிருந்து சாக்லேட் எறிகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குத் தாங்கவில்லை. பின்னால் ஓடுகிற சின்னப் பிள்ளை விழும், பெரியவன் பிடுங்குவான், பார்த்துக்கொண்டு நிற்கும் தாய் தலை குனிவாள்.

சென்னையிலிருந்து ஒருவர்: பெரியவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

முதலில் வணக்கம், பிறகுதான் விஷயம். ஒருவருக்கு "சாவுபோனா", பலருக்கு "சானிபோனானி". நலம் விசாரிக்காமல் வேலையைப் பேசினால் வளர்ப்பு சரியில்லை என்று எண்ணுவார்கள். எதையும் இரண்டு கையாலும் வாங்குங்கள், அல்லது வலக்கையை இடக்கை தாங்க வாங்குங்கள். பிள்ளைகள் உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால் அது மரியாதை. "என்னைப் பார்த்துப் பேசு" என்று முகவாயைத் தூக்காதீர்கள். கிராமத்தின் இண்டுனாவிடம், அதாவது தலைவரின் பிரதிநிதியிடம், முதல்நாளே போய் வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். போதகர் கூட்டிக்கொண்டு போவார். பெண்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடையோ சுடிதாரோ போடலாம்.

குலப்பெயர் சொல்லி அழைப்பது அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். குமாலோ குடும்பத்தவரை "ம்ன்டுங்வா" என்று அழைத்துப் பாருங்கள், முகம் மலரும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு உபதேசியார்: சில பிள்ளைகள் மணிக்கட்டில் ஆட்டுத்தோல் வளையம் கட்டியிருக்கும் படங்களைப் பார்த்தேன். முன்னோர் வழிபாடு என்கிறார்கள். அதைக் கழற்றச் சொல்லி ஜெபிக்கலாமா?

கூடாது ஐயா. அதன் பெயர் இசிபாண்ட்லா. குடும்பத்தில் முன்னோருக்கு ஆடோ மாடோ அறுத்த சடங்குக்குப் பிறகு அந்தத் தோலில் செய்து கட்டுவது, தானாக அற்று விழும்வரை போட்டிருப்பார்கள். சபைக்கு வருகிற குடும்பங்களிலும் இதைச் செய்கிறவர்கள் உண்டு, செய்யக் கூடாது என்கிறவர்களும் உண்டு. இது ஜூலு கிறிஸ்தவர்கள் பல தலைமுறையாகத் தங்களுக்குள் பேசிவருகிற விஷயம். உள்ளூர்ப் போதகர் அந்தக் குடும்பத்தை அறிந்தவர், அவர் பார்த்துக்கொள்வார். வீட்டார் கட்டியதை விருந்தாளி கழற்றச் சொன்னால், அந்தக் குழந்தை இரவு யாருக்குப் பதில் சொல்லும்?

சேலத்திலிருந்து ஒரு இளைஞர்: தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களுக்கும் ஜூலு மக்களுக்கும் மனக்கசப்பு உண்டு என்கிறார்கள். எங்களை எப்படிப் பார்ப்பார்கள்?

நல்ல கேள்வி தம்பி. இதைத் தெரிந்துகொள்ளாமல் நம்மவர்கள் அங்கே போகக் கூடாது.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் மக்களின் சந்ததியினர் இன்றும் டர்பனில் வாழ்கிறார்கள். வெள்ளையர் ஆட்சி இரு சமூகத்தையும் தனித்தனிப் பகுதிகளில் வைத்து, வேறு வேறு அளவில் ஒடுக்கியது. 1949-ல் டர்பனில் மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். 2021 ஜூலையில் கலவரத்தில் மாகாணமே பற்றியெரிந்தபோது, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. நீங்கள் சந்திக்கும் ஒரு குழந்தையின் மாமா அதில் போயிருக்கலாம்.

கிராமத்தில் உங்களை அன்போடுதான் வரவேற்பார்கள். ஆனால் டர்பனில் யாராவது ஒரு உறவினர் "அவர்களிடம் ஜாக்கிரதை" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சைக் கிராமத்துக்குச் சுமந்து போகாதீர்கள். யாராவது 2021 பற்றிப் பேசினால் வாதாடாமல் கேளுங்கள். முடிந்தால் டர்பன் தமிழ்ச் சபையிலிருந்தும் இரண்டு பேரைக் குழுவில் சேருங்கள். நீங்கள் பத்து நாளில் திரும்பிவிடுவீர்கள். பக்கத்துப் பக்கத்தில் வாழப்போகிறவர்கள் அவர்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா: சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

நன்றாக ஒத்துக்கொள்ளும். சோள மாவில் உதிரியாகக் கிண்டிய உபுத்துவும் புளித்த பால் அமாசியும் சேர்த்துத் தருவார்கள். நம் பழைய சோறும் தயிரும் மாதிரி வயிற்றுக்கு இதம். அமாதும்பே என்று அவித்துத் தருவது நம் சேப்பங்கிழங்கேதான். காட்டுக்கீரை இமிஃபினோவையும் விட்டுவிடாதீர்கள்.

திருச்சியிலிருந்து ஒரு நர்ஸ்: உடல்நலம், பாதுகாப்பு பற்றிச் சொல்லுங்கள்.

மொசாம்பிக் எல்லையை ஒட்டிய வடபகுதிக்குப் போகிறீர்கள் என்றால் மலேரியா தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். டர்பன் பக்கம் தேவையில்லை. ஆறு, குளத்தில் பிள்ளைகளோடு இறங்கிக் குளிக்காதீர்கள், பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உள்ளே போகும். இரவில் கிராமச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டாம், மாடுகள் சாலையில் படுத்திருக்கும். நீங்கள் நர்ஸ் என்பதால் இன்னொன்று: அங்கே பதிவு இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது. கை கழுவுவது, பல் துலக்குவது சொல்லிக்கொடுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு புகைப்படக் கலைஞர்: சபை ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்கலாமா?

வேலை நடக்கும் இடத்தை, கட்டடத்தை, சம்மதித்த பெரியவர்களை எடுக்கலாம். குழந்தையின் முகம் என்றால் வீட்டாரின் சம்மதம் வேண்டும். மூக்கொழுகும் முகம், கிழிந்த சட்டை என்று தேடி எடுத்த படம் எதையும் திரையில் போடாதீர்கள். உங்கள் பிள்ளையை அப்படி எடுத்து வேறொரு நாட்டுச் சபையில் காட்டச் சம்மதிப்பீர்களா?

பாளையங்கோட்டைச் செயலாளரே மீண்டும்: அக்கா, அறிவிப்பை மாற்றிவிட்டோம். அடுத்து என்ன செய்ய வேண்டும்?

மகிழ்ச்சி தம்பி. அங்குள்ள போதகருக்கு இப்போதே எழுதி, "இந்த ஆண்டு உங்கள் ஞாயிறு பள்ளிக்கு என்ன தேவை?" என்று கேளுங்கள். உங்கள் திட்டத்தை முதலில் அனுப்பினால் அதற்கே ஆமாம் சொல்லிவிடுவார். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா முன்கூட்டியே வேண்டும், விண்ணப்பத்தில் ஊழியத்துக்குப் போவதை மறைக்காமல் எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழ் யாராவது வந்தால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் தேவை. பன்னிரண்டு பேர் வருவதாக இருந்தால் ஆறு பேர் வாருங்கள். மிச்ச ஆறு டிக்கெட்டின் பணம், அந்த ஊர்ப் பாலர் வகுப்பு ஆசிரியைக்குப் பல மாதச் சம்பளம். அடுத்த ஆண்டும் அதே கிராமத்துக்கே போங்கள்.