ரொட்டி காத்தவர், மாவு பிசைந்தவள்

கேள்வி: ஆங்கிலத்தில் 'லார்ட்', 'லேடி' இரண்டும் கூட்டுச்சொற்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். இவ்வளவு சின்னச் சொற்களில் கூட்டு எங்கே இருக்கிறது?

பதில்: நண்பர் சொல்வது சரிதான். வாய்க்கு வாய் மாறி வந்ததில் ஒட்டுப்போட்ட இடம் தேய்ந்துவிட்டது, அவ்வளவே. பழைய ஆங்கிலத்தில் லார்ட், 'ஹ்லாஃப்வேர்ட்'. ஹ்லாஃப் என்றால் ரொட்டி. இன்றைய 'லோஃப்' அதுதான். வேர்ட் என்றால் காவலர். 'ஸ்டீவர்ட்' என்பதன் பின்பாதியில் இன்னும் இருக்கிறார். ஹ்லாஃப்வேர்ட் முதலில் ஹ்லாஃபோர்ட் ஆயிற்று, அப்புறம் லோவர்ட், கடைசியில் லார்ட்.

வீட்டுத் தலைவர் ரொட்டியைக் காப்பவர் என்றால், அதைத் தின்பவர் யார்? அவருக்கும் ஒரு சொல் இருந்தது: 'ஹ்லாஃபேட்டா', ரொட்டி உண்பவன். ஒருவரை அண்டிப் பிழைத்த வேலைக்காரன். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கென்ட் நாட்டு மன்னர் எதல்பெர்ட் இயற்றிய சட்டத்தில், ஒரு குடியானவனின் ஹ்லாஃபேட்டாவைக் கொன்றால் 6 ஷில்லிங் தண்டம் என்று இருக்கிறது. எஜமானரின் சொல் பிழைத்தது; உண்டவனின் சொல் வழக்கொழிந்தது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

லேடியின் பழைய வடிவம் 'ஹ்லேஃப்டியெ'. முன்பாதி அதே ரொட்டி. பின்பாதி தனியாக எங்கும் கிடைப்பதில்லை. பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' என்ற சொல்லோடு ஒப்பிட்டு, 'பிசைபவள்' என்று அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள்.

நான் சொல்ல ஆசைப்படுவது இனிமேல்தான். இந்த 'டோ'வின் வேர், கையால் பிசைந்து உருவாக்குவதைக் குறிக்கும் மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர்; அதாவது ஆங்கிலம், லத்தீன், கிரேக்கம், ஈரானிய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை மொழியின் வேர். மாவைப் பிசைந்தால் ரொட்டி. மண்ணைப் பிசைந்தால் சுவர். பழைய ஈரானிய மொழியான அவெஸ்தனில் அதே வேரிலிருந்து 'தேஸ' என்ற சொல் சுவரைக் குறித்தது. 'பைரி' என்றால் சுற்றி. இரண்டும் சேர்ந்து 'பைரிதேஸ', சுவர் சூழ்ந்த இடம். கிரேக்கர்கள் இத்தகைய ஈரானியச் சொல்லை 'பாரடைசோஸ்' ஆக்கிக்கொண்டார்கள். பாரசீக அரசர்களின் மரங்களடர்ந்த பூங்காக்களை பண்டைய கிரேக்க எழுத்தாளர் செனஃபன் அப்படித்தான் அழைக்கிறார். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஏதேன் தோட்டத்துக்கும் அதையே வைத்தார்கள். பிறகு லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'பாரடைஸ்' ஆயிற்று.

ஆக, லேடியின் பின்பாதியும் பாரடைஸின் பின்பாதியும் ஒரே வேரின் கிளைகள். லத்தீனில் அதே வேர் 'ஃபிங்கெரெ', வனைதல். 'ஃபிகர்', 'ஃபிக்‌ஷன்' எல்லாம் அங்கிருந்து வந்தவை.