தோல் தடிப்புக்கு எதற்கு நுரையீரல் ஸ்கேனும் புற்றுநோய்ப் பரிசோதனையும்?

உங்கள் அக்காவின் கண்ணிமைகளிலும் விரல் முட்டிகளிலும் உள்ள தடிப்பைப் பார்த்த மருத்துவர் 'டெர்மடோமயோசைட்டிஸ்' என்று சொல்லி, சிபிகே (தசைச் சிதைவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), நுரையீரல் சி.டி. ஸ்கேன், புற்றுநோய்ப் பரிசோதனைகள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு தோல் நோய்க்கு இத்தனையும் தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவைதான். நான் மருத்துவர் அல்ல. இதே நோயுள்ள என் அம்மாவைப் பல ஆண்டுகளாக உடனிருந்து கவனித்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

இதைத் தோல் நோய் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் உடலையே தாக்குவதால், தோலிலும் தசையிலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டு அழற்சி உண்டாகிறது. அந்த அழற்சியில் நம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டுமே தோலில் இருக்கிறது.

பாடப்புத்தகப் படங்களில் இமைகள் ஊதா நிறத்தில் இருக்கும். அவை பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் படங்கள். நம் நிறத்தில் அது லேசான வீக்கத்தோடு கூடிய கருமையாகத்தான் தெரிகிறது. அம்மாவுக்கு முதலில் மங்கு என்றார்கள், பிறகு தலைச்சாய ஒவ்வாமை என்றார்கள். விரல்களைப் பார்த்திருந்தால் ஐயம் வந்திருக்கும்: இந்த நோயில் தடிப்பு மூட்டுகளின் மேலேயே வரும், இதேபோல் நோய் எதிர்ப்பு அமைப்பு உடலைத் தாக்கும் லூபஸ் நோயிலோ பெரும்பாலும் மூட்டுகளை விட்டுவிட்டு அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில் வரும். நகத்தின் அடித்தோலை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். அது பிய்ந்து, உள்ளே சிவந்த மெல்லிய கோடுகள் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தசைப் பலவீனம் உடலின் நடுப்பகுதியை ஒட்டிய தோள், இடுப்புத் தசைகளில்தான் முதலில் வரும். அம்மாவால் பேனா பிடித்து எழுத முடிந்தது, காய்கறி நறுக்க முடிந்தது. ஆனால் கொடியில் துணி போடக் கை எழவில்லை, தலை வாரும்போது ஒரு கையை மறுகையால் தாங்கிப் பிடித்தார், தரையில் உட்கார்ந்தால் எதையாவது பற்றிக்கொண்டுதான் எழுந்தார். வலி அவ்வளவாக இல்லாததால் எல்லோரும் வயதுக் கோளாறு என்றே எண்ணினோம். இன்னொன்றும் நடந்தது: கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகளின் அளவுகள் கூடியிருந்ததைப் பார்த்து ஓரிடத்தில் கல்லீரலுக்கு மருந்து கொடுத்தார்கள். அந்த நொதிகள் சிதைகிற தசையிலிருந்தும் வரும். சிபிகே பார்த்தால்தான் அவை எங்கிருந்து வருகின்றன என்பது தெளிவாகும்.

நுரையீரல் ஸ்கேனை மட்டும் எக்காரணத்துக்காகவும் தள்ளிப்போட வேண்டாம். இந்த நோயில் சிலருக்கு எம்.டி.ஏ.5 என்ற புரதத்துக்கு எதிரான எதிரணு (ஆன்டிபாடி) இரத்தத்தில் இருக்கும். அவர்களுக்குத் தசை ஏறக்குறைய நன்றாகவே இருந்து, சிபிகே இயல்பாகவே வந்து, நுரையீரல் மட்டும் சில வாரங்களில் மோசமாகிவிடக்கூடும். ஆகவே, சிபிகே சரியாக இருக்கிறது என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மயோசைட்டிஸ் (தசை அழற்சி) தொடர்பான இத்தகைய எதிரணுக்களைக் கண்டறியும் தொகுப்புப் பரிசோதனையைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். செலவு அதிகம்தான், ஆனால் சிகிச்சையின் போக்கையே அது மாற்றக்கூடியது.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்களும் நடுங்கினோம். பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த நோயோடு சேர்ந்தோ, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளோ சினைப்பை, நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களில் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. பெரும்பாலானோருக்கு எதுவும் இருப்பதில்லை. ஆனாலும் பின்னர் வரக்கூடும் என்பதால்தான் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்தாமல், முதல் மூன்றாண்டுகளுக்குத் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்றே வந்தது.

சிகிச்சை பொதுவாகப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தில் தொடங்கும். அதன் அளவைக் குறைப்பதற்காக நோய் எதிர்ப்பு அமைப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டையோ அசாதயோப்ரினையோ சேர்ப்பார்கள். இவற்றுக்கு அடங்காதவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் (கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிரணுக்கள்) ஊசி உண்டு, அமெரிக்காவில் 2021இல் இந்நோய்க்கென்றே அதற்கு ஒப்புதல் கிடைத்தது. நம் நாட்டில் இந்த மருந்துகளுக்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டும் போட வேண்டிய மாத்திரை. அதைத் தவறுதலாகத் தினமும் போட்டு, இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அந்த அட்டையை மற்ற மருந்துகளோடு வைப்பதே இல்லை. 'ஞாயிறு மட்டும்' என்று எழுதி ஒட்டித் தனி டப்பாவில் வைத்திருக்கிறோம். பிரெட்னிசலோனை, முகம் உப்புகிறது என்று பயந்து திடீரென நிறுத்தவும் கூடாது.

வெயில் இந்தத் தடிப்பைத் தூண்டும். குடையும், முழுக்கைச் சட்டையும், சன்ஸ்கிரீனும் மருந்தின் ஒரு பகுதியே. முழு ஓய்வு வேண்டும் என்று உறவினர்கள் சொல்வார்கள். பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்யும் அளவான பயிற்சி தசைக்குக் கேடு செய்வதில்லை, பலத்தைக் கூட்டுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தோல் மருத்துவரோடு ஒரு வாதநோய் மருத்துவரையும், அதாவது ருமட்டாலஜிஸ்டையும், இந்த வாரமே பாருங்கள். அக்காவுக்கு விழுங்கும்போது புரையேறினாலோ, வறட்டு இருமல் இருந்தாலோ, மாடிப்படி ஏறும்போது முன்பில்லாத மூச்சிரைப்பு வந்தாலோ அந்தச் சந்திப்புக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.