வாசகர் கேள்வி: வீட்டிலிருந்தே தேடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் மாடிக்குடியிருப்பில் ஞாபக மறதி நோயுள்ள ஓர் அம்மா கடந்த மாதம் காலையில் வெளியே போனவர், இரவாகியும் திரும்பவில்லை. நானும் தோழிகளும் அவருடைய படத்தை முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் பகிர்ந்தோம். மறுநாள் அவர் கிடைத்துவிட்டார். ஆனால் அந்தப் படம் இன்றும் சுற்றுகிறது; மகளின் தொலைபேசிக்கு யார் யாரோ அழைக்கிறார்கள். இணையத்தில் இருந்துகொண்டு உண்மையில் உதவ முடியுமா?
– பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை

பதில்: முடியும், பிள்ளை. ஆனால் அது துப்பறியும் வேலை அல்ல, எழுதுவினைஞர் வேலை.

கொழும்புப் பத்திரிகை ஒன்றின் விளம்பரப் பகுதியில் வெகுகாலம் இருந்தவன் நான். ‘காணவில்லை’ அறிவித்தல் போட வருகிறவர்கள் கொண்டுவரும் படம் அநேகமாகக் கல்யாண அல்பத்திலிருந்து உரித்ததாக இருக்கும். பட்டுச்சேலை, கொண்டை நிறையப் பூ, முகத்தில் பவுடர். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, காலி வீதியில் சோட்டியோடும் இறப்பர்ச் செருப்போடும் நடக்கிற மூதாட்டியை யார் அடையாளம் காண்பது? ஆகவே கடைசியாக எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். என்ன உடுத்திருந்தார், காலில் என்ன, எந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்பதையும் எழுதுங்கள். ‘இன்று காலை முதல்’ என்று மட்டும் எழுதவே கூடாது. நாளும் மாதமும் ஆண்டும் போடாத அறிவித்தலுக்கு வயதே ஆவதில்லை. பார்க்கிறவனுக்கு அது எப்போதும் இன்று காலைதான். உங்கள் பகிர்வு இன்னும் சுற்றுவதற்கும் இதுவே காரணமாக இருக்கும்.

படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது உங்கள் கையை விட்டுப் போய்விடும். பொதுவில் ஒரே ஒரு பதிவைப் போட்டு, அதன் இணைப்பை மட்டும் எல்லோருக்கும் அனுப்புங்கள். ஆள் கிடைத்ததும் அந்தப் பதிவைத் திருத்தி, ‘கிடைத்துவிட்டார்’ என்று முதல் வரியில் போட்டு, படத்தையும் நோய் விபரத்தையும் எடுத்துவிடலாம்.

சிங்களத்திலும் எழுதுங்கள். நம்மவர்கள் தமிழில் மட்டும் எழுதி நமக்குள்ளேயே பகிர்ந்துகொள்கிறோம். அந்த அம்மாவைக் காணப்போகிறவர் 100ஆம் இலக்க பஸ்ஸின் நடத்துநராக இருக்கலாம், கோட்டை ரயில் நிலையத்தில் தேநீர் விற்பவராக இருக்கலாம். இயந்திர மொழிபெயர்ப்பு வேண்டாம். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். முடிந்தால் அவரையே குடும்பத்தோடு பொலிஸ் நிலையத்துக்கும் அனுப்புங்கள். அந்தப் படி ஏற நம்மவர்களில் பலருக்குத் தயக்கம். காரணத்தை இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் முறைப்பாடு உடனே பதிவாக வேண்டும். 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது சினிமாவில் கேட்ட கதை.

மகளின் இலக்கத்தைப் பதிவில் போடாதீர்கள். அழைப்புகளை ஏற்க ஒருவர் கொப்பியும் பேனையுமாக உட்காரட்டும்: அழைத்த நேரம், கண்ட இடம், கண்ட நேரம். ‘நீலச் சோட்டியா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘ஓம்’ என்றுதான் சொல்வார்கள். ‘என்ன நிறம் உடுத்திருந்தார்?’ என்று கேட்க வேண்டும். குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த ஓர் அடையாளத்தை வெளியிடாமல் வைத்திருங்கள். ‘அம்மா எங்களிடம்தான் இருக்கிறார், காசு அனுப்புங்கள்’ என்று வருகிற அழைப்பு அதிலேயே பிடிபட்டுவிடும்.

இன்னொருவர் தேசிய வைத்தியசாலைக்கும் களுபோவிலைக்கும் தொலைபேசி எடுத்து, பெயர் தெரியாமல் சேர்க்கப்பட்டவர்கள் உண்டா என்று விசாரிக்கட்டும். வெளிநாட்டு உறவினர்களையும் சும்மா அழவிடாதீர்கள். ஞாபகம் மங்கியவர்கள் பலர் பழைய வீட்டையோ பழைய வேலைத்தலத்தையோ தேடித்தான் புறப்படுகிறார்கள். அம்மா முப்பது வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் எந்த ஒழுங்கையில் இருந்தார் என்பது கனடாவிலுள்ள தங்கைக்குத்தான் தெரியும். இங்கே நள்ளிரவானால் ரொறன்ரோவில் பிற்பகல். இரவு நேரத்தில் பதிவைக் கவனிக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிடலாம்.

கேள்வி: செய்மதிப் படங்களைப் பார்த்துக் காணாமல்போனவர்களைத் தேடுகிறார்களாமே?
– ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: தேடினார்கள். 2007 ஜனவரியில் கணினி விஞ்ஞானி ஜிம் கிரே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகில் தனியே போய்த் திரும்பாதபோது, ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தே கடலின் படங்களைத் துண்டு துண்டாகப் பார்த்தார்கள். படகு கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் விமானத்தோடு மறைந்த அமெரிக்க சாகச விமானி ஸ்டீவ் பொசெட்டையும் அப்படியே தேடினார்கள். மறு ஆண்டு அவருடைய அடையாள அட்டைகளைக் கண்டெடுத்தவர் மலையில் நடந்துபோன ஒருவர். பரந்த கடலுக்கும் பாலைவனத்துக்கும் அந்த முறையை முயன்று பார்க்கலாம். வெள்ளவத்தையில் தொலைந்தவருக்கு செய்மதி எதற்கு? கடை வாசலில் இருக்கும் கமெராப் பதிவு அழிவதற்கு முன் முதலாளியிடம் கேட்டு வைப்பது மேல்.

நம் ஊர்க்காரர்கள் செய்த காரியம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. 2004 டிசெம்பர் 26 சுனாமியை அடுத்து, இலங்கையின் கணினித் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமல்போனவர்களைப் பதியும் ஏடும் அதில் ஒரு பகுதி. மறு ஆண்டு பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது பயன்பட்டது. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கேள்வி: ஓர் இளம்பெண்ணைக் காணவில்லை. அவருடைய முகநூல் நண்பர்களில் ஒருவர்மீது எங்கள் குழுவுக்குச் சந்தேகம். வெளியிடலாமா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கூடாது. 2013இல் பொஸ்டன் குண்டுவெடிப்பின்போது, ஏற்கெனவே காணாமல்போயிருந்த ஒரு மாணவனைக் குண்டு வைத்தவன் என்று இணையத்தில் எழுதினார்கள். அவன் குற்றமற்றவன், பிறகு சடலமாகத்தான் கிடைத்தான். அந்தப் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். சந்தேகத்தை எழுதிப் பொலிசாரிடம் கொடுங்கள்.

இன்னொன்று. அந்தப் பெண் வீட்டு அடிக்குப் பயந்து தானாகவே போயிருக்கவும் கூடும். தேடுகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கேயாவது கண்டால், ‘இன்ன இடத்தில் பார்த்தேன்’ என்று பதிவுக்குக் கீழே எழுதவேண்டாம். அவருக்கு 18 வயது ஆகவில்லையென்றால் சிறுவர்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1929க்கும், வயது வந்தவரென்றால் பெண்களுக்கான 1938க்கும் அழைத்துச் சொல்லுங்கள்.