நீலச் சுவருக்கு எந்தப் பூ?

கேள்வி: கீழக்கரையில் கடலோரமாகப் புது வீடு கட்டியிருக்கிறோம். முன்சுவர் வெளிர் நீலம். நர்சரியில் சிவப்பு ரோஜா ஐந்தும், ஆரஞ்சு காகிதப்பூ ஒன்றும், இளஞ்சிவப்பு அரளி இரண்டும் வாங்கி வாசலில் வைத்தோம். ரோஜா இலைகள் ஓரம் கருகிவிட்டன. மற்ற நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கண்ணை உறுத்துகின்றன. மறுபடியும் செடி வாங்கப் போகிறோம். எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும்?

பதில்: ரோஜா கருகியதற்கு உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள். பழைய மண்தொட்டி இருந்தால் அதன் வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து வந்த உப்பு. ரோஜா உப்பைத் தாங்காது. இலையின் ஓரம் முதலில் கருகுவது அதன் அடையாளம். ஆகவே நம் கரையில் தண்ணீர் எதை அனுமதிக்கிறதோ அதற்குள்தான் நிறம் தேட வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் சோதித்துத் தருவார்கள். செடி வாங்குவதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.

உப்பையும் ஆடிக் காற்றையும் தாங்குகிறவை குறைவில்லை: காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி, பட்டுரோஜா (பெயரில்தான் ரோஜா, இது தரையோடு படரும் வேறு செடி).

இனி நிறம். உங்கள் வாசலில் உறுத்துவது ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான். இரண்டும் நல்ல நிறங்களே, இடைவெளிதான் இல்லை. நீலத்துக்கு நேர் எதிர் நிறம் ஆரஞ்சு. அதனால் காகிதப்பூவைச் சுவரை ஒட்டியே வையுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். அதன் காலடியில் மஞ்சள் பட்டுரோஜா. அரளியைப் பக்கவாட்டு வேலிக்கு மாற்றி, நடுவில் வெள்ளை நித்தியகல்யாணியை ஒரு வரிசை நெருக்கமாக நடுங்கள். வெள்ளை நடுவில் வந்தால் சண்டையிடும் நிறங்களும் அடங்கிவிடும். ஒரே பார்வையில் விழும் இடத்தில் இரண்டு நிறமும் வெள்ளையும் போதும் என்பது என் கணக்கு. மாதிரி வேண்டுமென்றால் தெருவோரப் பூவரசின் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சள் இதழ், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. மஞ்சள் நிறைய, சிவப்பு கொஞ்சம். அந்த அளவுதான் அதன் அழகு. மாலைக்குள் அந்த மஞ்சளே செம்மையாக மாறிவிடும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டில் இருப்பவர்கள் வாசலில் உட்காருவது எந்த நேரம்? பட்டுரோஜா வெயிலில் விரிந்து பிற்பகலில் சுருங்கிவிடும். மாலையில்தான் உட்காருவீர்கள் என்றால் மஞ்சளும் வெள்ளையுமாக அந்திமந்தாரை வையுங்கள். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், அக்கம்பக்கத்தில் கருமணி போன்ற விதையைக் கேட்டாலே கிடைக்கும். படியருகே ஒரு தொட்டி குண்டுமல்லி. அதற்கு மட்டும் மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுங்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியும் நிறம் வெள்ளைதான்.

வாங்கும்போது பூ இருக்கும் செடியையே வாங்குங்கள். காகிதப்பூவின் சில ஆரஞ்சு ரகங்கள் முதிர முதிர இளஞ்சிவப்பாக வெளுக்கும். மேல்நுனியை மட்டும் பார்த்து ஏமாறாமல், கீழ்க்கிளையின் பழைய பூவையும் பாருங்கள். பில்லில் ரகத்தையும் நிறத்தையும் எழுதச் சொல்லுங்கள். தொட்டிக்குத் தென்னை நார்த்தூள் கட்டி வாங்கினால் ‘கழுவியது’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கழுவாததில் உப்பு இருக்கும். வாங்கிவிட்டீர்கள் என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியுங்கள். அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. குழந்தையோ ஆடோ நெருங்கும் வீட்டில் அரளியே வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கேள்வி: தொண்டியில் இருக்கிறேன். மஞ்சள் பூக்களுக்கு நடுவே வைக்க நீல ரோஜா விதை தேடினேன். இணையத்தில் ‘நீல ரோஜா’, ‘வானவில் ரோஜா’ விதைகள் மலிவாக இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நீலத்துக்கான டெல்பினிடின் என்ற நிறமி ரோஜாவில் இயற்கையாக இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி உருவாக்கிய ரோஜாவை 2004இல் அறிவித்து 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் பார்வைக்கு இளம் ஊதாதான். வானவில் ரோஜா என்பது வெள்ளை ரோஜாவின் தண்டைப் பிளந்து சாயத் தண்ணீரில் நிறுத்தி வைப்பது. அதற்கு விதையே கிடையாது. படத்தில் பார்த்த நிறம் அந்தப் பொட்டலத்தில் இருக்காது.

மஞ்சளுக்கு நடுவே உண்மையான நீலம் வேண்டுமென்றால் சங்குப்பூக் கொடி இருக்கிறது. வறட்சியைத் தாங்கும், விதையில் எளிதாக முளைக்கும், வேலியில் ஏற்றிவிட்டால் போதும்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் விற்பனைப் பக்கத்தின் படத்தையும், பணம் செலுத்திய ரசீதையும், பொட்டலத்தையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.