கூட்டம் முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 44. பல ஆண்டுகள் குடித்து வந்த நான், மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, இப்போது ஆறு வாரங்களாகக் குடிக்காமல் இருக்கிறேன். குடியிலிருந்து மீள்பவர்களின் கூட்டங்களுக்குப் போகும்படி மருத்துவர் வற்புறுத்தியதால் ஒருமுறை போனேன். கடவுளைப் பற்றிப் பேச்சு வந்ததும் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. மன உறுதி மட்டும் போதாதா? போகத்தான் வேண்டுமென்றால், எனக்கேற்ற கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? - பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, ஆறு வாரங்கள் குடிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு உறுதி தேவை என்பதை அறிவேன். ஆனால் அந்த உறுதி எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. வீட்டில் வாக்குவாதம் நடந்த இரவிலோ, பழைய நண்பர் திடீரென்று அழைக்கும் மாலையிலோ அது தளர்ந்துபோகும்போது, இதே நிலையைக் கடந்துவந்த ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட முடியுமா என்பதைப் பொறுத்தே அன்றைய பொழுது அமையும். அந்த ஒருவரைத் தேடிக்கொள்வதற்காகத்தான் கூட்டத்துக்குப் போகச் சொல்கிறேன்.

குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பு தோன்றியதே அப்படித்தான். 1935-இல், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் என்ற அமெரிக்கர், தொழில் முயற்சியொன்று தோற்றுப்போன நிலையில் ஆக்ரன் நகரில் தனியாகத் தங்கியிருந்தார். ஓட்டலின் மதுக்கூடத்துக்குள் நுழைந்துவிடுவோமோ என்று அஞ்சிய அவர், தன்னைப் போலவே குடியால் துன்பப்படும் ஒருவருடன் பேச வேண்டுமென்று தொலைபேசியில் பலரிடம் விசாரித்து, டாக்டர் பாப் என்ற மருத்துவரைச் சந்தித்தார். இருவரும் பேசத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகெங்கும் நடக்கும் ஏ.ஏ. கூட்டங்கள். இதற்குப் பலன் உண்டா என்று கேட்டால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைச் சொல்வேன்: இக்கூட்டங்களில் முறையாக ஈடுபடுத்தும் சிகிச்சை, குடியைத் தொடர்ந்து தவிர்ப்பதில் மற்ற சிகிச்சை முறைகளைவிடக் கூடுதல் பலன் தந்ததாக அது கண்டறிந்தது.

கடவுள் பேச்சு உங்களுக்கு உறுத்தியதில் தவறேதுமில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. 'அவரவர் புரிந்துகொண்டபடி' என்ற அடைமொழியும் கூடவே வருகிறது. உறுப்பினராவதற்குக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே நிபந்தனை என்பதால், இறை நம்பிக்கை இல்லாத பலர், குழுவையே தங்களுக்கு மேலான சக்தியாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறார்கள். அதுவும் ஒத்துவராவிட்டால், கடவுள் பேச்சே இல்லாமல், எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆராய்ந்து மாற்றிக்கொள்ளும் முறையில் 1994 முதல் இயங்கிவரும் ஸ்மார்ட் ரிக்கவரி குழுக்கள் இருக்கின்றன. ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் இருக்கும் வேறுபாடு மிகப் பெரியது. ஆகவே பாதியில் விட்டுவந்த ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்யாமல், இரண்டு மூன்று குழுக்களுக்குச் சில வாரங்களாவது போய்ப் பாருங்கள்.

கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் ஏ.ஏ.வின் இணையதளத்திலும் 'மீட்டிங் கைடு' செயலியிலும் கிடைக்கும். உங்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவமனையின் ஆலோசகரிடமும் கேட்கலாம். நேரம் மாறியிருக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். 'மூடிய கூட்டம்' குடியை விட விரும்புபவர்களுக்கு மட்டும். 'திறந்த கூட்டத்துக்கு' யார் வேண்டுமானாலும் வரலாம். உங்கள் பயத்துக்கு மூடிய கூட்டமே பொருந்தும். அங்கே உங்களைப் பார்ப்பவரும் அதே காரணத்துக்காக வந்தவர்தான். பெயரை மட்டும் சொன்னால் போதும், கட்டணமும் இல்லை. அப்படியும் தயக்கம் தீராவிட்டால், வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் நடக்கும் கூட்டத்துக்குச் செல்லுங்கள், அல்லது இணையவழிக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவைத்துத் தொடங்குங்கள்.

நேரில் போகும்போது பத்து நிமிடம் முன்னதாகவே போய், வாசலில் இருப்பவரிடம் நீங்கள் புதியவர் என்று சொல்லிவிடுங்கள். பேசுவதற்கான உங்கள் முறை வந்தால், "இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்" என்று சொல்லலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கூட்டம் முடிந்ததும் மட்டும் தயவுசெய்து உடனே கிளம்பிவிடாதீர்கள். நாற்காலிகளை அடுக்கி வைப்பவர்களோடு நீங்களும் இரண்டு நாற்காலிகளை எடுத்துவையுங்கள். உண்மையான பேச்சு அப்போதுதான் தொடங்கும். பேசியவர்களில் எவருடைய கதை உங்கள் கதையைப் போல் இருந்ததோ, அவரிடம் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மறுநாளே, எந்தச் சிக்கலும் இல்லாத நேரத்தில், அவரை ஒருமுறை அழைத்துப் பேசிவிடுங்கள். ஏற்கெனவே பேசிப் பழகிய எண்ணாக இருந்தால்தான், நெருக்கடியான இரவில் அதை அழைக்கக் கை தயங்காது.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். குழுவில் யாராவது மருத்துவர் தந்த மருந்துகளை நிறுத்தச் சொன்னால், அவர் எத்தனை ஆண்டுகள் குடிக்காமல் இருப்பவரானாலும், கேட்காதீர்கள், அது ஏ.ஏ.வின் கொள்கையும் அல்ல. உங்கள் குடும்பத்தினருக்கென்றே 1951 முதல் அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அவர்கள் தனியாகப் போகலாம்.

எப்போதாவது மீண்டும் குடிக்க நேர்ந்தால், வெட்கப்பட்டுக் கூட்டத்தைத் தவிர்க்காமல், அடுத்த கூட்டத்துக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். அங்கிருப்பவர்களில் பலர் அதைக் கடந்து வந்தவர்கள். ஆனால் அந்தக் குடி பல நாட்கள் தொடர்ந்திருந்தால், நீங்களாகவே திடீரென்று நிறுத்த வேண்டாம். வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், முதலில் உங்கள் மருத்துவரிடம் செல்லுங்கள்.